கயிறு பிடிக்க ஒரு ஆள்

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 ரெகுலேஷன் பாடத்திட்டத்தை என்னைக்காவது புரட்டிப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. எனக்கே வேற வேலை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமைதான் அந்த பாக்கியம் வாய்ச்சது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு அதுல 'கேம் புரோகிராமிங்'னு ஒரு எலக்டிவ் உண்டு. முப்பரிமாண கிராஃபிக்ஸ், கேம் எஞ்சின் வடிவமைப்பு, டைரக்ட்எக்ஸ், பைதான், யூனிட்டினு மொத்தம் அஞ்சு யூனிட். மைக் மெக்ஷாஃப்ரியோட 'கேம் கோடிங் கம்ப்ளீட்'தான் பாடப்புத்தகம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடத்தோட பேருக்குப் பக்கத்துல நாலு எண் போட்டிருப்பாங்க இல்லையா, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, எத்தனை டுடோரியல், எத்தனை லேப், மொத்தம் எத்தனை கிரெடிட்னு? அதுல 3 0 0 3னு இருந்தது.

லேப் பூஜ்யம்! கேம் எழுதச் சொல்லித் தர்ற பாடத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார நேரம் பூஜ்யம். திரேஸ்புரத்துல போய், 'சங்கு குளிக்கறதை கரும்பலகையில படம் போட்டுச் சொல்லித் தரேன்'னு சொன்னா என்ன பதில் வரும்னு யோசிச்சுப் பார்த்தேன். எழுத முடியாத பதில்தான் வரும் :-)

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2021 ரெகுலேஷன்ல இதுவே 'கேம் டெவலப்மென்ட்'னு பேர் மாறி 2 0 2 3 ஆயிருக்கு. வாரம் ரெண்டு மணி நேரம் லேப். பைகேம்ல ஒரு விளையாட்டு, யூனிட்டில ஒண்ணுனு பசங்க கையால செஞ்சு பார்க்கணும். கொடுத்து வச்ச பசங்க.

எங்க காலத்துல அந்த 3 0 0 3 கூட கிடையாது. 2002-ல தூத்துக்குடி பக்கத்துல ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில சேர்ந்தேன். (பேர் வேண்டாம், தெரிஞ்சவங்க இன்னும் அங்க வேலை பார்க்கறாங்க.) ஐடி கொஞ்சம் படுத்துக் கிடந்த நேரம் அது. 'கம்ப்யூட்டர் எடுக்க விடாதீங்க, அதுக்கெல்லாம் காலம் முடிஞ்சு போச்சு'னு ஹார்பர்ல அப்பா கூட வேலை பார்த்த அத்தனை பேரும் ஓதினாங்க. அப்பா டாலி கிளார்க். கப்பல்ல ஏறி இறங்கற மூட்டையை நோட்டுல கோடு போட்டு எண்ணுறவர். 'அதுவும் எண்ணுறதுதான செய்யுது, படிக்கட்டும்'னு ஒத்தை வரியில முடிச்சிட்டார். கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல விளக்கம் நாலு வருஷத்துல ஒரு பேராசிரியரும் எனக்குச் சொல்லல.

வெளிநாட்டுல அப்பவே கேம் படிப்புக்குன்னு தனியா டிகிரி வந்தாச்சு. ஸ்காட்லாந்துல டண்டீ நகரத்து அபர்டே பல்கலைக்கழகம் 1997-ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல ரெட்மண்ட்ல டிஜிபென் 1998-ல ஆரம்பிச்சது. டிஜிபென்காரங்க டிகிரிக்கு 'கேம்'னு பேர் வைக்கல, 'ரியல்-டைம் இன்டராக்டிவ் சிமுலேஷன்'னு வச்சாங்க. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வரும்.

நமக்கு வாய்ச்சது கிராஃபிக்ஸ் லேப். டர்போ சி, நீலத் திரை. 'கிராஃபிக்ஸ் டாட் எச்' போட்டு கோடு வரையணும், வட்டம் வரையணும், வரைஞ்சதை ரெக்கார்டு நோட்டுல ஒட்டணும். பிரசன்ஹாம் அல்காரிதத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சோம். அது 1962-ல ஐபிஎம்ல ஜாக் பிரசன்ஹாம்னு ஒருத்தர், பிளாட்டர்னு ஒரு படம் வரையற மெஷினுக்காக எழுதினதுன்னோ, பெருக்கல் வகுத்தல் பண்ண மெஷின் திணறும்னுதான் வெறும் கூட்டலை வச்சே சாய்வுக்கோடு போடற வழியைக் கண்டுபிடிச்சார்னோ யாரும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த மனுஷன் மேல ஒரு மரியாதை வந்திருக்கும். பாடமும் மண்டையில நின்னிருக்கும்.

கடைசி வருஷம் புராஜெக்ட். வகுப்புல பாதிப் பேர் லைப்ரரி மேனேஜ்மென்ட், மீதிப் பேர் பே ரோல். விஷுவல் பேசிக் முன்னால, ஆரக்கிள் பின்னால. நான் முத்துக் குளிக்கற கேம் எழுதப் போறேன்னு போய் நின்னேன். வழிகாட்டி சார் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். "இதுல டேட்டாபேஸ் எங்க தம்பி?" ஹைஸ்கோரை ஒரு ஃபைல்ல சேமிப்பேன் சார்னேன். நல்ல மனுஷன், சிரிச்சிட்டார். "செய், ஆனா தலைப்புல கேம்னு போடாத, சிமுலேஷன்னு போடு"னார். ரெட்மண்ட்ல என்ன பேர் வச்சாங்கன்னு சொன்னேன்ல? டிஜிபென் பேரை எங்க சார் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். மாமியாருக்குப் பயப்படற மருமக எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் பேசுவா போல.

ஏன் முத்துக் குளிக்கறது? ஊர்ல பிறந்த பாவம்தான். ஆனா எங்க தலைமுறை முத்துக் குளிப்பைக் கண்ணால பார்த்ததில்ல. தூத்துக்குடியில கடைசியா அரசாங்கம் சலாபம் நடத்தினது 1961-ல. அதுக்கப்புறம் பார்ல சிப்பி சேரவே இல்ல. 1973-ல இங்க இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல செயற்கையா முத்து வளர்த்துக் காட்டினாங்க, அது தனிக் கதை. குளிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் சங்குக்குப் போயிட்டாங்க. எங்க அடுத்த தெரு மாமா அப்படி ஒருத்தர். அவரோட அப்பா 1961 சலாபத்துல குளிச்சவர். மாமா சின்னப் பையனா கல்லு கட்டி இறங்கிப் பழகினவர்.

நான் அவரைப் பார்த்துப் பழகின காலத்துல மாமா கடலுக்குப் போறதில்ல. ஒரு காது கேக்காது. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். கம்ப்ரஸர் வந்த பிறகு நடந்தது அது. டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு மெஷினைத் தோணியில வச்சு, நீள ட்யூபை வாயில கவ்விக்கிட்டு இறங்கறது. மூச்சு அடக்க வேண்டாம், ஒரு மணி நேரம் கூட அடியில கிடக்கலாம், சங்கு குவியும். ஆனா அழுத்தத்துல சுவாசிக்கிற காத்துல இருக்கற நைட்ரஜன் உடம்புக்குள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கும். மேல வர்றப்ப மெதுவா வரணும். விறுவிறுன்னு வந்தா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்துலயும் நரம்புலயும் குமிழி கிளம்பிடும். மாமா ஒரு நாள்ல நாலாவது தடவை இறங்கி ஏறின ராத்திரி கால் மரத்துப் போச்சு. திரும்ப முழுசா வரவே இல்ல.

அன்னைக்கு கம்ப்ரஸர் பக்கத்துல இருந்தது மாமியோட தம்பி. 'நீ பார்த்து தூக்கியிருக்கணும்'னு ஒரு சொல், 'அத்தான் சொன்னா கேட்டாத்தான'னு ஒரு சொல். அதோட அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டார். பேச்சுவார்த்தை கிடையாது.

கேம் பாதி முடிஞ்ச நிலையில மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூட்டுறவு சொசைட்டியில லோன் போட்டு வாங்கின அசெம்பிள்டு பொட்டி, விண்டோஸ் 98. திரையில ஒரு ஆள் கீழ் அம்புக்குறியை அமுக்கினா இறங்குவான், மேல் அம்புக்குறிக்கு ஏறுவான். மூலையில மூச்சுக்கு ஒரு பச்சைப் பட்டை. மாமா கண்ணை இடுக்கிப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "எய்யா, கல்லு எங்க?"

அப்புறம் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. கல்லுல காலை ஊணி இறங்கறது, தரை தட்டினதும் கல்லை மேல இழுத்துக்கறது, கொஞ்ச ஆழம் வரைக்கும் கடல் ஆளை மேல தள்ளும், அதுக்கப்புறம் அதுவே உள்ள இழுக்கும்ங்கறது. கடைசியா சொன்னது எனக்கு நல்லாவே தெரிஞ்ச சங்கதி, பிளஸ் டூ பாயில் விதி. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, அப்ப நெஞ்சுல அடக்கின காத்து பாதியா சுருங்கும், ஆள் கனமாயிடுவான். நான் மார்க்குக்குப் படிச்சதை மாமா உடம்பால படிச்சிருக்கார். அவர் பாகத்துல சொல்லச் சொல்ல நான் மீட்டருக்கு மாத்தி, மிதப்பு விசையை ஆழத்துக்கு ஏத்த மாதிரி மாறுற ஒரு சமன்பாடா எழுதினேன். அதுக்கப்புறம் ஓட்டிப் பார்த்தா, ஆறேழு மீட்டர் தாண்டினதும் அந்த ஆள் தானா இறங்க ஆரம்பிச்சான். அம்மா அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பார்க்கற அளவுக்குக் கத்தினேன்.

மாமா கத்தல. "சரி, கயிறு பிடிக்கிறவன் எங்க?"ன்னார்.

இங்க ஊர்ல சொல்லுவாங்க, கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைக்கணும்னு. கூடப் பிறந்தவன் கூட சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுடலாம், அக்கா தாலிக்குப் பயந்து மச்சினன் விடமாட்டான். மாமா அதை எங்கிட்ட சொல்லல. கயிறு பிடிக்கிறவன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

ஆக, கேமுக்கு ரெண்டாவது ஆட்டக்காரர் வந்தாச்சு. ஒருத்தர் குளிக்கணும், இன்னொருத்தர் தோணியில இருந்து கயிறு பிடிக்கணும். மூச்சுப் பட்டையைத் திரையில இருந்து எடுத்துட்டேன். கயித்தோட அசைவு மட்டும்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே கீபோர்டு. இங்கதான் கம்ப்யூட்டர் சயின்ஸே எனக்கு ஆரம்பிச்சதுன்னு சொல்லலாம். டர்போ சியில சாதாரணமா கீயைப் படிச்சா ஒரு நேரத்துல ஒண்ணுதான் வரும். ஒருத்தன் அமுக்கிப் பிடிச்சிருக்கறப்ப இன்னொருத்தன் அமுக்கினா முதல் ஆளோட கீ செத்துடும். கடல்ல அது கொலை! வழி என்னன்னு தேடினா, மைக்ரோபிராசசர் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுக் கழிச்ச இன்டரப்ட். ஒன்பதாம் நம்பர் இன்டரப்ட்டை நாமளே பிடிச்சு, 60 ஹெக்ஸ் போர்ட்ல என்ன வருதுன்னு நேராப் படிக்கணும். கீ அமுங்கினா ஒரு எண், விட்டா அதோட 128 கூடின எண். எது அமுங்கியிருக்கு, எது விடுபட்டிருக்குனு நாமளே ஒரு பட்டியல் வச்சுக்கலாம். வெளிய வர்றப்ப பழைய இன்டரப்ட்டைத் திருப்பி வைக்கலைன்னா கீபோர்டு மொத்தமா ஊமையாயிடும், பொட்டியை அணைச்சுத்தான் போடணும். எத்தனை தடவை அணைச்சுப் போட்டேன்னு கேக்காதீங்க.

அதே மாதிரி ஒவ்வொரு பேப்பரா உயிரோட வந்து நின்னது. படம் விட்டு விட்டு மின்னுச்சு. அதுக்கு மறைவா ஒரு பக்கத்துல வரைஞ்சு சட்டுனு மாத்திக் காட்டணும், ஆனா 640க்கு 480ல ஒரு பக்கம்தான் உண்டு. ரெண்டு பக்கம் வேணும்னா 640க்கு 350க்கு இறங்கி வரணும். எதை விட்டு எதை எடுக்கறதுங்கற பாடம் அது. காலேஜ் லேப்ல இருந்த பழைய மெஷின்ல ஆள் ஆடி அசைஞ்சு இறங்கினான், வீட்டுல விழுந்து இறங்கினான். அதுக்கு பயாஸ் கடிகாரம், நொடிக்கு 18.2 துடிப்பு, அதை வச்சு நகர்வைக் கணக்குப் போடணும். சுறாவுக்கு தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். சும்மா திரியற நிலை, மோப்பம் பிடிக்கிற நிலை, துரத்தற நிலை. நாலாவதா 'கட்டுண்ட நிலை'ன்னு ஒண்ணு சேர்த்தேன். அந்தக் காலத்துல சலாபத்துல சுறா வாயைக் கட்டுறதுக்குன்னே கடல் கட்டின்னு ஒரு மந்திரவாதி இருப்பார், குளிக்கிறவங்க அவர் இல்லாம இறங்க மாட்டாங்க. மார்க்கோ போலோ காலத்துலயே இந்த வழக்கம் எழுத்துல பதிவாயிருக்கு. ஃபைனைட் ஸ்டேட் மெஷின்ல மந்திரவாதியை வச்ச முதல் ஆள் நானாத்தான் இருக்கணும் :-)

ரெண்டாவது லெவலா கம்ப்ரஸர் வைக்கலாம்னு ஒரு யோசனை இருந்தது. மூச்சு தீராது, நிறைய சங்கு, ஆனா வேகமா ஏறினா ஆட்டம் அவுட். விளையாட்டா பார்த்தா ரொம்ப நல்ல யோசனை. மாமாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தார். "அதை விளையாட்டுல வைக்காத எய்யா"ன்னார். வைக்கல.

2005 கிறிஸ்துமஸுக்கு மாமியோட தம்பி ஊருக்கு வந்திருந்தார். அக்காவைப் பார்க்கறதுக்கு வருவார், அத்தான் வீட்டுல இருக்கற நேரமா பார்த்து வெளிய போயிடுவார். அப்படி வெளிய வந்து எங்க வீட்டுல உக்காந்திருந்தப்ப தெருப் பசங்க ரெண்டு பேர் கேம் ஆடிக்கிட்டிருந்தாங்க. பார்த்தார். "எல, கயிறை அப்படியா பிடிப்பாங்க"ன்னு ஒரு பையனை நகர்த்திட்டு அவரே உக்காந்தார். கொஞ்ச நேரத்துல மாமா வந்தார், வழக்கமா அந்த நேரத்துக்கு வருவார். நான் ஏற்பாடு பண்ணலைங்க, சத்தியமா. வாசல்ல நின்னு பார்த்துட்டு, இன்னொரு பையனோட ஸ்டூல்ல வந்து உக்காந்தார்.

சினிமா மாதிரி யாரும் கட்டிப் பிடிச்சு அழல. மாமா குளிக்கிற ஆள். மச்சினன் கயிறு. இறங்கினார், சிப்பி பொறுக்கினார், கயித்தை ஒரு தடவை இழுத்தார். மேல தூக்கல. ஆள் செத்துட்டான்.

"ஏம்ல தூக்கல?"

"ரெண்டு இழு இழுத்தாத்தான தூக்கணும்? ஒண்ணு இழுத்தா கல்லை எடுன்னுல்லா அர்த்தம்."

"கல்லுக்கு எவம்ல இழுப்பான், கல்லு தன்னால லேசாகும்ல, கைக்குத் தெரியும்ல! ஒண்ணுதான்!"

"அப்பாகிட்ட நான் பழகினது ரெண்டு."

பத்து வருஷத்துக்கு மேல பேசாதவங்க அரை மணி நேரம் இதுக்கே சண்டை போட்டாங்க. மாமி சத்தம் கேட்டு ஓடி வந்து எங்க வாசல்ல நின்னவங்க உள்ள வரவே இல்ல, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னாங்க. அன்னைக்கு ராத்திரி மச்சினன் அத்தான் வீட்டுலதான் சாப்பிட்டார். நான் பொட்டி முன்னாடி உக்காந்து ஒண்ணா ரெண்டானு முழிச்சுக்கிட்டு இருந்தேன். புரோகிராமுக்கு ஏதாவது ஒரு எண் வேணுமே!

2006 ஏப்ரல்ல வைவா. வெளியில இருந்து வந்த எக்சாமினர் ரெண்டு கேள்வி கேட்டுட்டு, லேப் அசிஸ்டன்ட் அண்ணாச்சியைக் கயிறு பிடிக்கச் சொல்லிட்டு மூணு தடவை குளிச்சார். மூணு தடவையும் செத்தார். நல்ல மார்க் போட்டார்.

அப்புறம் எல்லாரையும் மாதிரி சென்னை, வங்கி ஒண்ணுக்கு கோபால்ல ஆணி புடுங்கற வேலை. அன்னைக்கு பெங்களூர்ல துருவா, மும்பைல இந்தியாகேம்ஸ்னு விரல் விட்டு எண்ணுற அளவுலதான் கேம் கம்பெனிகள். வீட்டுல கடன் இருந்தது, வந்த வேலைக்குப் போனேன். வருத்தமானு கேட்டா, கோபாலும் சோறு போட்டுச்சு. 2023-ல 'வெண்பா' வந்தப்ப மட்டும் ரெண்டு நாள் தூக்கம் வரல. டொரண்டோவுல இருக்கற விசை கேம்ஸ்காரங்க செஞ்சது. கனடாவுக்குப் போன ஒரு தமிழம்மா, கறை படிஞ்சு அழிஞ்சு போன சமையல் குறிப்பை வச்சு வீட்டுச் சாப்பாட்டை மறுபடி கண்டுபிடிக்கிற கதை. இட்லித் தட்டை எப்படி அடுக்கறதுங்கறதே ஒரு புதிர். 2024-ல பாஃப்டாவுல சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதும் வாங்கிச்சு. கையில இருக்கற பழக்கத்தை விதியா மாத்தறதுதான் கேம்னு அவங்க எவ்வளவு அழகா காட்டிட்டாங்க!

இப்ப அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு கேம் படிக்கணும்கறா. 'கேம் டிசைன்'னு தனி டிகிரி, லட்சக்கணக்குல ஃபீஸ், பளபளன்னு ஒரு புரோஷர். என் கட்சி என்னன்னா, பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸே எடு, அதுல இந்த 2 0 2 3 இருக்கான்னு பாரு, லீனியர் அல்ஜீப்ராவைத் தூங்காம கேளு. எந்த மென்பொருள் சொல்லித் தர்றாங்கங்கறது அஞ்சு வருஷத்துல மாறிடும், எங்க டர்போ சி போன இடம் தெரியல. வெக்டர் மாறாது. அக்கா, 'அவளைக் கெடுக்கறதே நீதான்'கறா. மச்சான் இன்னும் வாயைத் திறக்கல, லோன் கையெழுத்து அவர்தான் போடணும்.

முடிவாகற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பழைய கேமை கோடோல திரும்ப எழுதறோம். இலவச எஞ்சின், நான் மூணு வாரம் முட்டி மோதின கீபோர்டு வேலை அதுல ஒத்தை வரி. கயிறு இப்ப நிஜமாவே வளையுது, ஃபோன்ல ஆடினா கையில அதிருது. மிதப்புச் சமன்பாட்டை மட்டும் பழைய நோட்டுல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டா. மாமா 2017-ல போய்ச் சேர்ந்துட்டார், கேக்க ஆள் இல்லைன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கறப்ப, அவ பாட்டுக்கு மாமிகிட்ட நம்பர் வாங்கி திருப்பூருக்கு ஃபோன் போட்டுட்டா. ஒண்ணா ரெண்டானு கேட்டிருக்கா.

"ரெண்டுதான். ஆனா அத்தானுக்கு ஒண்ணுன்னு வையி"ன்னாராம்.

செட்டிங்ஸ்ல ரெண்டையும் வச்சிருக்கா. எதுவும் தொடாம விட்டா ஒரு இழு.